‘குழுவினர்’: எம்.பி. சீனிவாசனின் இசை பற்றிச் சில குறிப்புகள்

வானொலியில் பழைய பாட்டுப் போடும்போது அறிவிப்பாளர் ஒரு வரிசை சொல்வார். படம் இன்னது, இசை இன்னார், பாடல் இன்னார், பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா மற்றும் குழுவினர். இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போய்விட்டது. யார் இந்தக் குழுவினர்? நடவுக் காட்சியில் குலவை போட்டவர்கள், கல்யாணக் காட்சியில் ‘லாலி’ சொன்னவர்கள், கதாநாயகி மலையடிவாரத்தில் ஓடும்போது ஆகாரம் பாடிய பத்துப் பெண்கள். அவர்களுக்காவது இந்த ஒரு சொல் இருக்கிறது. வயலின் வாசித்த இருபது பேருக்கு, தபேலாவுக்கு, ஷெனாய்க்கு, கடம் தட்டியவருக்கு அதுவும் கிடையாது. பாட்டில் பாதி நேரம் நாம் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களைத்தான்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் எம்.பி. சீனிவாசனைப் பற்றிப் பேச முடியும் என்று எனக்குப் படுகிறது. தமிழ்த் திரையிசை பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரு வம்சாவளிக் கதையாடல். பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி, இளையராஜா, ரஹ்மான் என்று ஒரு மேதை இன்னொரு மேதையிடம் செங்கோலைக் கொடுத்துவிட்டுப் போகிற கதை. அந்த மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் எம்.பி.எஸ்.ஸை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. தமிழில் அவர் இசையமைத்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலையாளத்தில் பெரிய பெயர். அதற்கும் மேலே அவர் ஒரு தொழிற்சங்கக்காரர், சேர்ந்திசைக்காரர். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பாராட்டி ஆளுக்கொரு அஞ்சலிக் கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். என் வாசிப்பு வேறு. இசையமைப்பு, சங்கம், சேர்ந்திசை மூன்றும் அவரிடம் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள்: பலர் சேர்ந்து எழுப்புகிற ஒலி எப்படி ஒருவருடைய பெயரில் போய்ச் சேருகிறது?

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் பிறந்தவர். படித்தது சென்னையில். மாநிலக் கல்லூரி நாட்களில் கம்யூனிஸ்ட் மாணவர் இயக்கத்துக்குள் போனார். பாட்டு அங்கே ஆபரணமல்ல, கூட்டம் சேர்க்கிற கருவி. இப்டா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றம் நாற்பதுகளில் நாடெங்கும் ஒரு புதிய பாட்டு முறையைப் பரப்பிக்கொண்டிருந்த காலம். வங்காளத்தில் சலில் சௌத்ரி போன்றவர்கள் அதிலிருந்துதான் வந்தார்கள். எம்.பி.எஸ். பின்னர் டெல்லி போய் ஏ.கே. கோபாலனின் செயலாளராக வேலை பார்த்தார். அங்கே சந்தித்து மணந்துகொண்ட சாஹிதா, சைபுதீன் கிச்லுவின் மகள். 1919இல் அமிர்தசரசில் கிச்லுவையும் சத்தியபாலையும் கைது செய்ததை எதிர்த்துத்தான் ஜாலியன்வாலாபாகில் கூட்டம் கூடியது, அந்தக் கிச்லு. சபா சங்கீதத்தில் ஊறி, வாய்ப்புத் தேடிக் கோடம்பாக்கம் வந்தவரல்ல என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். அவர் வந்து சேர்ந்த வழி வேறு.

அந்த வழியின் தமிழ் அடையாளம் ‘பாதை தெரியுது பார்’. 1960 நவம்பரில் வெளிவந்தது. குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் இடதுசாரி நண்பர்கள் சேர்ந்து எடுத்த படம். இயக்கியவர் நிமாய் கோஷ். பிரிவினை அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ என்ற வங்காளப் படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து, ஒளிப்பதிவாளராகப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தவர். ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம் எல்லாம் பாட்டு எழுதினார்கள். படத்துக்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, ஜனங்கள் கிடைக்கவில்லை. ஆனால் ஜெயகாந்தன் எழுதி பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய அந்தக் காதல் பாட்டு மட்டும் படத்தை விட்டு இறங்கித் தனியாக நடந்து வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் இரவு நேர வானொலியில் வருகிறது. முணுமுணுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இசையமைத்தவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘விஸ்வநாதன்-ராமமூர்த்தியா?’ என்பார்கள். குழுவினருக்காகப் பேசியவருக்கே ஏறக்குறைய அவர்கள் கதி.

இனி வேலைத்தளத்தைப் பார்ப்போம். நம் திரையிசை விமர்சனம் பாட்டின் ராகத்தைச் சொல்லும், தாளத்தைச் சொல்லும். அது உற்பத்தியான கூடத்தைச் சொல்லாது.

முப்பதுகளின் கடைசியிலும் நாற்பதுகளிலும் ஜெமினி, ஏ.வி.எம்., மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டுடியோக்கள் சொந்த வாத்தியக் குழு வைத்திருந்தன. வாத்தியக்காரர்கள் மாசச் சம்பளக்காரர்கள். முதலாளியின் அதிகாரம் நேரடியானது, ஆனால் ஒண்ணாந்தேதி சம்பளம் உண்டு. ஐம்பதுகளில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. படக் கம்பெனிகள் பெருகின, ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து வேலை பார்த்துவிட்டுப் போயின. வாத்தியக்காரர் ‘கால்ஷீட்’ கணக்குக்கு வந்தார். காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. இன்றைக்கு வாகினி, நாளைக்குப் பரணி, நாளன்றைக்கு ஒன்றுமில்லை. யாரைக் கூப்பிடுவது என்பது இசையமைப்பாளரின் விருப்பம், அல்லது அவருக்கு ஆள் சேர்த்துத் தருபவரின் விருப்பம். கட்டட வேலையில் மேஸ்திரி என்று ஒருவர் இருப்பார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த இடம். முதலாளிக்கும் கொத்தனார் சித்தாளுக்கும் நடுவில் நின்று கூலியைப் பிரித்துத் தருபவர்.

வேலையோ லேசானதல்ல. பல தடங்களில் தனித்தனியாகப் பதிவுசெய்யும் வசதி வருவதற்கு முன்பு பாடகர், கோரஸ், வாத்தியங்கள் எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். நாலு நிமிஷப் பாட்டில் மூன்றாவது சரணத்தில் ஒரு வில் வழுக்கினால் முதலிலிருந்து மறுபடி. யாருடைய தப்பானாலும் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். கவனித்துப் பார்த்தால் இது ஒரு தொழிற்சாலைப் பட்டறையைவிட இறுக்கமான கூட்டு உழைப்பு. பட்டறையில் ஒருவர் கை நின்றால் பக்கத்துக் கை கொஞ்ச நேரம் ஓடும். இங்கே அதுவும் கிடையாது. இவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்ட வேலையில் ஈடுபட்டவர்கள் தங்களைத் ‘தொழிலாளி’ என்று சொல்லிக்கொள்ளக் கூசினார்கள் என்பதுதான் சங்கம் கட்டப் போனவர்களுக்கு முன்னிருந்த முதல் சுவர். நாங்கள் கலைஞர்கள், எங்களுக்கு எதற்குக் கொடியும் கோஷமும்? அதிலும் கர்நாடக சங்கீதம் கற்றவர் ஒரு பக்கம், நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், தேவாலயத்தில் நொட்டேஷன் படித்த ஆங்கிலோ-இந்திய, கிறிஸ்தவ வயலின்காரர்கள் ஒரு பக்கம், கிராமத்துத் தோல்கருவிக்காரர் ஒரு பக்கம். சாதிப் படிநிலையும் வாத்தியப் படிநிலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்த கூடம் அது. வயலினுக்கு நாற்காலி. தவிலுக்கும் தப்புக்கும் எங்கே இடம் என்று சொல்லத் தேவையில்லை.

எம்.பி.எஸ். இந்தக் கூடத்துக்குள் சங்கத்தைக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர். சென்னையின் திரையிசைக் கலைஞர்கள் சங்கத்தைக் கட்டியதிலும், நிமாய் கோஷுடன் சேர்ந்து திரைத் தொழிலாளர் சங்கங்களை ஒரே சம்மேளனமாக இணைக்கும் முயற்சியிலும் அவர் பங்கு பெரியது. இன்று ‘ஃபெப்சி’ என்று நாம் செய்தித்தாளில் படிக்கிற அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது. கேட்டவை எந்தத் தொழிற்சங்கமும் கேட்பவைதான்: வேலை நேரத்துக்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்குக் கூலி, அந்தக் கூலி கைக்கு வருவதற்கு ஒரு உத்தரவாதம். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. எம்.பி.எஸ். வாத்தியக்காரர் அல்ல, இசையமைப்பாளர். அதாவது மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சித்தாட்களின் சங்கத்துக்குத் தலைவர். இதை அவருடைய பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. தன் பெயரில் வருகிற ஒலி தன்னுடையது மட்டுமல்ல என்று தெரிந்த ஒருவர் அந்த அறிவுக்குக் கொடுத்த வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கத் தலைவருக்குத் தயாரிப்பாளர் எத்தனை பேர் படம் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், தமிழில் அவர் ஏன் அவ்வளவு குறைவாக இசையமைத்தார் என்பதற்கு அழகியல் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேரளம் அவரை ஏற்றுக்கொண்டது. விரிவாகப் போகாமல் சில இடங்களை மட்டும் தொடுகிறேன். 1961 நவம்பர் 14 அன்று சென்னைப் பரணி ஸ்டுடியோவில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் ஒரு சுலோகம் பாடினான். சாதிபேதத்தையும் மதத் துவேஷத்தையும் மறுக்கிற ஸ்ரீநாராயண குருவின் வாக்கு. பாடியவர் கே.ஜே. யேசுதாஸ், அதுதான் அவருடைய முதல் திரைப்பதிவு. கம்யூனிஸ்ட் இசையமைப்பாளர், நாராயண குருவின் சொல், லத்தீன் கத்தோலிக்கப் பையன். அறுபதுகளின் கேரளம் தன்னைப் பற்றிக் காண விரும்பிய கனவு இதைவிடச் சுருக்கமாக அமையாது. அப்புறம் ஓ.என்.வி. குறுப்புடன் சேர்ந்த ‘உள்கடல்’, ‘சில்லு’. ‘ஒப்போள்’ படத்தில் அவர் மெட்டைப் பாடித்தான் எஸ். ஜானகி 1980ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றார். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’ ஆகியவற்றில் அவர் பாட்டே இல்லாமல், சில சமயம் இசையே இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்கு ஒதுங்கி நின்று இசையமைத்தார். ‘முகாமுகம்’ (1984) தலைமறைவாகிச் செத்துப்போனதாக நம்பப்பட்ட ஒரு கம்யூனிஸ்ட் தலைவன் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து குடித்துவிட்டுத் தூங்குகிற கதை. கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். பழைய கட்சிக்காரரான எம்.பி.எஸ். இசையமைத்தார்.

இவற்றில் நான் நின்று பார்க்க விரும்புவது கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’ (1982). நாடகக் குழு ஒன்றின் தபேலாக்காரன் அய்யப்பன் காணாமல் போகிறான். போலீஸ் வருகிறது, ஒவ்வொருவராக விசாரிக்கிறது. மேடையில் இருப்பவர்களைத் தேடமாட்டார்களா, பக்கவாட்டில் உட்கார்ந்து வாசிப்பவன் காணாமல் போனால் யார் தேடுவார்கள் என்று நாம் நினைக்கிற கணத்தில் படம் அந்த நினைப்பையும் கலைத்துவிடுகிறது. அய்யப்பன் நல்லவன் இல்லை. குடிகாரன், பெண்ணை அடித்து ஒடுக்கி வைத்திருந்தவன். கை மட்டும் தெய்வீகம். ‘அடையாளமற்ற உழைப்பாளி’ என்று நாம் சுலபமாகச் செய்துகொள்கிற புனித பிம்பத்துக்கு இதில் இடமில்லை. அவனால் நசுக்கப்பட்ட நடிகை ரோகிணி அவனுக்கும் கீழே இருந்த குழுவினர். படிநிலை முதலாளியோடு முடிவதில்லை, குழுவுக்குள்ளேயே இறங்கிக்கொண்டு போகும் என்பதைச் சங்கத் தீர்மானங்கள் எழுதுவதில்லை. இந்தப் படம் எழுதியது.

ஜான் ஆப்ரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) நமக்குத் தெரிந்த கதை. எழுதியவர் வெங்கட் சாமிநாதன், இசை எம்.பி.எஸ். கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியர் நாராயணசாமியாக நடித்ததும் அவர்தான். தொழில்முறை நடிகர் இல்லை, படத்தில் அது தெரிகிறது, அதுதான் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிற ஒரு நல்ல மனிதர். ஊரே ஒரே சுருதியில் மந்திரம் சொல்லும் இடத்துக்குள் ஒரு கழுதையின் குரல் நுழைகிறது. ஓசைக்கும் இசைக்கும் நடுவில் கோடு கிழிப்பது அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி எழுதியதும் அதே 1977இல்தான். இரண்டுக்கும் தொடர்பெல்லாம் கிடையாது, சும்மா சொல்கிறேன். கழுதையைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஊமை. பேச்சற்றவளும் பேச்சாகக் கருதப்படாத குரலும் ஒரே தொழுவத்தில். இந்தப் படத்தின் நடுவில் எம்.பி.எஸ்.ஸின் முகம் இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இனி சேர்ந்திசை. இதுதான் அவருடைய முக்கியமான சாதனை என்பது என் கட்சி.

ஐம்பதுகளின் இறுதியில் பம்பாயில் சலில் சௌத்ரியும் கல்கத்தாவில் ரூமா குஹ தாகுர்தாவும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்களைத் தொடங்கினார்கள். அந்த வரிசையில், எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். ஏற்படுத்தியது மெட்ராஸ் யூத் கொயர். தொழில்முறைப் பாடகர்கள் அல்லாதவர்கள் வேலை முடிந்து வந்து பாடினார்கள். பாரதி பாட்டும் பிறமொழிப் பாட்டும். கேட்பவர்கள் ‘ரொம்ப நல்லா இருக்கு, சர்ச் மாதிரி இருக்கு’ என்பார்கள். அந்த ‘சர்ச் மாதிரி’ என்பதைத்தான் விளக்க வேண்டும்.

நம் செவ்வியல் சங்கீதம் ஒற்றை இழை. சுருதி கீழே நிற்கும், மேலே ஒரே மெட்டு. எத்தனை பேர் பாடினாலும் அந்த ஒரே இழையைத்தான் எல்லோரும் பிடிக்க வேண்டும். அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது. காந்தாரம் ஒரு புள்ளி அல்ல, ஒரு அசைவு. ஒருவர் அசைத்தால் ராகம், ஐம்பது பேர் ஆளுக்கொரு விதமாக அசைத்தால் இரைச்சல். இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: ஒரு ஸ்வரத்தின் மேல் வேறு இரண்டு ஸ்வரங்களை அடுக்கி மேற்கத்திய முறையில் ஒத்திசைவு செய்யப் போனால் ராகத்தில் இல்லாத ஸ்வரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அல்லது அடுக்கின் இழுப்பில் ராகத்தின் ஜீவ ஸ்வரம் இடம் பெயர்ந்துவிடும். ஆகவே ‘இந்திய இசையில் ஹார்மனி சாத்தியமில்லை’ என்று பண்டிதர்கள் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். எம்.பி.எஸ்.ஸின் சேர்ந்திசையைக் கேட்டால் அவர் இந்தத் தீர்ப்போடு வாதாடவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போனார் என்பது தெரியும். கமகத்தைக் குறைத்து நேர் ஸ்வரங்களில் மெட்டை நிறுத்துவது. ஒரு அணி பாடும்போது இன்னொரு அணி வேறொரு மெட்டை எதிர்வைப்பது. ஒரு அணி தொடங்கிய வரியை அடுத்த அணி சற்றுப் பின்னால் தொடங்கித் துரத்துவது. நடவுப் பாட்டிலும் ஏற்றப் பாட்டிலும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற கேள்வி பதில் முறையை விரித்து எடுப்பது.

இதன் அரசியல் எங்கே இருக்கிறது? பாட்டின் வரிகளில் இல்லை, கட்டையில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதற்குள்ளும் ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு வீடு உண்டு. எல்லோரும் ஒரே மெட்டை ஒரே உயரத்தில் பாட வேண்டும் என்றால் யாரோ சிலர் வீட்டை விட்டு வெளியேறிக் கத்த வேண்டும், அல்லது முனக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு முப்பது பேரை நிற்க வைத்துப் பாட்டுப் பழக்கினார்கள். மூன்றாம் நாள் பாட்டு வாத்தியார் என் முன்னால் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ‘டேய், நீ வாயை மட்டும் அசைடா’ என்றார். என்னோடு இன்னும் நாலு பேர். விழாவன்று நாங்கள் ஐந்து பேரும் உணர்ச்சிகரமாக வாயசைத்தோம். ஒற்றைக் குரல் ஒற்றுமை என்பது எப்போதும் இப்படிச் சிலரை வாயசைக்க வைத்துத்தான் சாத்தியமாகிறது. பல இழைகளாகப் பிரித்து எழுதப்பட்ட சேர்ந்திசையில், கீழே பாடுகிறவனுக்குக் கீழே ஒரு வேலை இருக்கிறது. அவன் அங்கே இல்லாவிட்டால் மேலே பாடுகிறவளின் மெட்டு அந்தரத்தில் நிற்கும். இப்போதெல்லாம் பக்தினை மேற்கோள் காட்டிப் ‘பல்குரல்’ என்று எழுதாத கட்டுரையே கிடையாது, நானும் எழுதியிருக்கிறேன். அந்த உருவகம் வந்த இடம் இசை. அதன் நேர்ப்பொருள் ஒரு தொண்டைக்கு அதன் வீட்டில் வேலை கொடுப்பது.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தை நானே வைத்துவிடுகிறேன். கூட்டத்தின் முன்னால் கையை ஆட்டி நிற்கிற இசை நடத்துநரைப் போல அதிகாரத்தின் துல்லியமான பிம்பம் வேறில்லை என்று எலியாஸ் கனெட்டி சொல்கிறார். அவர் மட்டும் நிற்பார், மற்றவர்கள் அவர் விரலைப் பார்ப்பார்கள். எம்.பி.எஸ்.ஸும் அப்படித்தான் நின்றார். அது போக, எண்பதுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல மொழிப் பாடல்களைச் சேர்ந்து பாடக் கற்பிக்கும் அரசுத் திட்டங்களில் அவர் முனைந்து ஈடுபட்டார். ‘தேசிய ஒருமைப்பாடு’ என்ற சொல்லாடல் தூர்தர்ஷனிலிருந்து வீட்டுக்கு வீடு இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பஞ்சாபில் ராணுவம், 1984இல் டெல்லித் தெருக்களில் சீக்கியர் படுகொலை, மேலே குழந்தைகள் பதினைந்து மொழியில் பாடுகிற காட்சி. பழைய புரட்சிப் பாட்டு அரசின் தாலாட்டாக மாறிப்போனது என்று சொல்லிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். பலர் முடித்திருப்பார்கள்.

முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் 1988 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’வை நினைத்துப் பாருங்கள். ஒருமைப்பாட்டுக்கு அரசு தேர்ந்துகொண்ட வடிவம் எது? பீம்சேன் ஜோஷி பாடுவார், அப்புறம் பாலமுரளி, அப்புறம் நட்சத்திரங்கள். ஒரே வரி, ஒரு பிரபல முகத்திலிருந்து இன்னொரு பிரபல முகத்துக்கு. பெயருள்ளவர்களின் அணிவகுப்பு. பெயரில்லாத ஐம்பது பேர் நாலு இழையாக நின்று பாடும் வடிவத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. எம்.பி.எஸ். அரசின் மேடையில் ஏறினார், சரிதான். அந்த மேடைக்கு உவப்பான வடிவத்தைக் கொண்டு போனாரா என்பது வேறு கேள்வி. அந்தப் பாட்டு வரும்போது அவர் உயிரோடு இல்லை. அதே வருஷம் மார்ச் 9 அன்று, பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை கற்றுக்கொடுக்கப் போயிருந்த லட்சத்தீவில் இறந்துபோனார். அறுபத்திரண்டு வயது.

அவர் விட்டுப்போன கேள்வி சட்டத்துக்குள் எப்படிப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். ஒரு பக்கம், கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் மறுபக்கம். தயாரிப்பாளர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றது தீர்ப்பு. இருவர் அமர்வில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இன் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர். தீர்ப்போடு உடன்பட்டுவிட்டு, பாடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லையே என்று தனியாக ஒரு குறிப்பு எழுதினார். 1994இல் நிகழ்த்துநர் உரிமை வந்தது. 2012 திருத்தத்தில் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆயிற்று. நல்ல விஷயம். நாளிதழ்கள் கொண்டாடின.

கொண்டாட்டத்தில் யாரும் படிக்காமல் விட்ட ஒரு வாசகம் அதே திருத்தத்தில் இருக்கிறது. ‘நிகழ்த்துநர்’ யார் என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு விலக்கு. திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். தன் பங்களிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். இதன் தர்க்கத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படித்துப் பாருங்கள். வழக்கமாகப் பெயர் போடுவதில்லை, ஆகவே உரிமை இல்லை. பெயர் போடாததுதான் குற்றம் என்று கேட்கப் போனால், அதையே சட்டம் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்து வைக்கிறது. மூன்றாவது வரிசை வயலின் ‘துணையானது’ இல்லை என்று யார், எந்த நீதிமன்றத்தில், யார் செலவில் வாதாடுவது? பிரபல இசையமைப்பாளருக்கும் ஒலிப்பதிவுக் கம்பெனிக்கும் நடக்கிற உரிமை வழக்குகளைப் பற்றி நாம் கட்சி கட்டிச் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டையில் இரண்டு கட்சியிலும் இவர்கள் இல்லை.

கூடமும் மாறிவிட்டது. எண்பதுகளில் கீபோர்டும் தாள இயந்திரமும் வந்தன, தொண்ணூறுகளில் கணினி. 1992க்குப் பிறகு ஒருவர் தன் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நாற்பது பேர் வேலையைத் தடம் தடமாகக் கட்டிவிட முடியும் என்றானது. ரஹ்மான் மீது பழி போடுவது சோம்பேறித்தனம். கேசட் உறையிலும் குறுந்தகட்டிலும் குழல் யார், கிதார் யார் என்று வாத்தியக்காரர் பெயரைத் தொடர்ந்து அச்சிட்டவரும் அவர்தான். நாற்பது பேரில் நாலு பேருக்குப் பெயர் கிடைத்தது, மிச்சப் பேருக்கு வேலை போயிற்று என்று இதைச் சொல்லலாம். பெரிய தந்திக் குழு வேண்டுமென்றால் இப்போது வெளிநாடு போகிறார்கள். ‘ஹே ராம்’ (2000) பின்னணி இசைக்கு புடாபெஸ்டில் வாசித்தார்கள், 2005இல் வந்த ‘திருவாசகம்’ இசைப்பேழைக்கும் அப்படியே. உறையில் புடாபெஸ்ட் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா என்று கௌரவமாகப் போட்டிருக்கிறது. அந்தக் குழுவினருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறுபது வருஷம் வாசித்தவர்களுக்கு நாம் அப்படி ஒரு பொதுப்பெயர்கூட வைக்கவில்லை. சென்னைக் குழு என்றாவது எழுதியிருக்கலாம்.

மெட்ராஸ் யூத் கொயர் அவருக்குப் பின்னும் பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு இருக்கிறது. கைபேசியில் பாட்டுக் கேட்கும் செயலிகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பெயர்ப்பட்டியல் வருகிறது; பாடகர், இசை, பாடலாசிரியர், கம்பெனி. வானொலி அறிவிப்பாளர் மூச்சு விடுகிற இடத்தில் சேர்த்துச் சொல்லிவந்த அந்தக் கடைசிச் சொல்லுக்கு அதில் கட்டம் இல்லை.